பிச்சைக்கண்ணு நனையக் கூடாது

27 ஜூலை 1998, திங்கள்

காலையில் கரண்ட் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தேன். கடை என்றால் பெரிய கடை ஒன்றும் இல்லை. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், மையைப் பீச்சி அச்சடிக்கிற ஒரு கலர் பிரிண்டர். வாசலில் 'விஜயஸ்ரீ கம்ப்யூட்டர் போட்டோ' என்று போர்டு. அதைப் பார்த்து உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் ஜாதகம் கணிக்க வருகிறவர்கள். ஜாதகம் போடுவதில்லை என்று சொன்னால் என்னை ஏமாற்றுக்காரி மாதிரி பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

கரண்ட் வந்ததும் இரண்டு பெண்கள் வந்தார்கள். சுடலைவடிவு, அவள் மகள் இசக்கிச்செல்வி. மாஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள். முதல் பஸ்ஸில் இறங்கி வந்திருக்கிறார்கள். சுடலைவடிவின் புருஷன் பிச்சைக்கண்ணு போன வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். மனுஷன் வாழ்நாளில் ஒரு போட்டோவுக்கு நின்றதில்லை. இருப்பது எஸ்டேட் அட்டையில் ஒட்டின படம் ஒன்றுதான். தபால் தலையை விடக் கொஞ்சம் பெரிசு. தோளில் பாதி முத்திரை.

ஆகஸ்ட் முப்பது இசக்கிச்செல்விக்குக் கல்யாணம். மணவறையில் அப்பா படம் இருக்க வேண்டும், முதலில் அதைக் கும்பிட்டுவிட்டுத்தான் தாலிக்குக் குனிவாளாம். "அப்பா இல்லன்னா நான் உக்கார மாட்டேன்க்கா" என்றாள். அழவில்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னாள். போன ஸ்டுடியோக்களில் எல்லாம் இதைப் பெரிசாக்க முடியாது என்று சொல்லிவிட்டார்களாம்.

நான் முடியும் என்று சொல்லிவிட்டேன். யோசிக்கிறதுக்கு முன்னாலேயே வாய் சொல்லிவிட்டது. என் வாய் எப்போதும் அப்படித்தான்.

அப்புறம்தான் நிபந்தனைகள் வந்தன. கண்ணாடி போடக் கூடாது. "கொண்டை ஊசி வளைவுல பஸ்சு ஒடிச்சித் திருப்பும்போது கண்ணாடி சில்லுச் சில்லாப் போயிரும்மா. முருகன் படம் ஒண்ணு அப்பிடித்தான் போச்சி" என்றாள் சுடலைவடிவு. சரி, கண்ணாடி இல்லை. அடுத்தது, நனைந்தாலும் ஒன்றும் ஆகக் கூடாது. அங்கே மழையும் மேகமும் வீட்டுக்குள்ளேயே வருமாம், உப்பு டப்பாவைத் திறந்தால் தண்ணீர்தான் இருக்குமாம். பந்தல் வேறு லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் வெட்டவெளியில்.

கடைசி நிபந்தனை மகளுடையது. "திருநீறு மட்டும் வரைஞ்சிராதிய. ஸ்டுடியோவுல எல்லாம் செத்தவுக படம்னா வரைஞ்சிருவாக. எங்கப்பா சாமி கும்பிட மாட்டாக."

அம்மாக்காரி அப்போது மட்டும் தரையைப் பார்த்தாள்.

30 ஜூலை

முத்திரையைத் துடைத்து, தோளை வரைந்து, சட்டைக் காலரைப் போட்டு, கறுப்பு வெள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏற்றி... ஆள் எழுந்து வந்துவிட்டார்! நல்ல கறுப்பு, தடி மீசை. போட்டோ எடுத்தவனை முறைக்கிறார். முழுத்தாளில் அச்சடித்து நாற்காலியில் சாத்தி வைத்துவிட்டு நானே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் நடராஜ் ஆபீஸிலிருந்து வந்தார். (பேர் சொல்லி எழுதுவது இந்த டைரியில் மட்டும்.) காபி டம்ளர் பிடித்த கையோடு, "ஏளா, யாரு இது, இவ்வளவு கோவக்காரரா இருக்காரு" என்று படத்தைத் தொட்டார். ஒரே ஒரு ஈர விரல். பிச்சைக்கண்ணுவின் காது காலருக்கு இறங்கிவிட்டது.

இந்த மை தண்ணீரில் கரையும். தெரிந்ததுதான். இவ்வளவு ஆசையாகக் கரையும் என்று தெரியாது.

1 ஆகஸ்ட்

ஜங்ஷனில் அப்பாத்துரை அண்ணாச்சி பெயிண்ட் கடைக்குப் போனேன். போட்டோ மேல் அடிக்க வார்னிஷ் வேண்டும் என்றேன்.

"கதவுக்கு அடிப்பாக, கட்டிலுக்கு அடிப்பாக. போட்டோவுக்கா? என்னம்மா இது, மனுசனப் பலகை ஆக்கப் போறியளா?" என்றார். கடையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, மரத்துக்கு அடிக்கிற வார்னிஷ் ஒரு டப்பா, மேஜை நாற்காலிக்குப் போடுகிற ஸ்பிரிட் பாலிஷ் ஒரு பாட்டில் வாங்கி வந்தேன்.

சோதனைக்கு பிச்சைக்கண்ணுவைப் பாழாக்க மனசு வரவில்லை. நடராஜின் பாஸ்போர்ட் படத்தைச் சின்னச் சின்னதாக ஒரு தாள் நிறைய அச்சடித்துக்கொண்டேன்.

"உசுரோட இருக்கவன் மூஞ்சியத் தண்ணில முக்குதியே, உனக்கே நல்லாருக்கா?"

நல்லாத்தான் இருக்கு என்றேன்.

4 ஆகஸ்ட்

மர வார்னிஷ்: இரண்டு நாள் ஆகியும் காயவில்லை. தொட்டால் ஒட்டுகிறது. ஒரு கொசு, இரண்டு எறும்பு, என் மாமியாரின் நரைமுடி ஒன்று எல்லாம் நடராஜ் முகத்தில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டன. தண்ணீர் உள்ளே இறங்கவில்லை, உண்மை. ஆனால் மனுஷன் மஞ்சள் காமாலை வந்தவர் மாதிரி இருக்கிறார். நாள் ஆக ஆக இன்னும் மஞ்சளாகும் என்கிறார் அண்ணாச்சி.

ஸ்பிரிட் பாலிஷ்: பிரஷ் பட்டதுமே மை கரைந்து ஓடியது. தண்ணீருக்குப் பயந்து ஸ்பிரிட்டில் முக்கியிருக்கிறேன். என் புத்தியை என்ன சொல்ல.

6 ஆகஸ்ட்

பக்கத்து வீட்டு ஆபிதா பீவியிடம் நிறமில்லாத நகப்பூச்சு வாங்கிப் பூசினேன். தாள் அப்பளம் மாதிரி சுருண்டுவிட்டது.

அவள் லேமினேஷன் போடேன் என்றாள். போட்டுப் பார்த்தேன். பளபளவென்று ஐடி கார்டு மாதிரி இருக்கிறது. முகத்தைப் பார்த்தால் டியூப் லைட்தான் தெரிகிறது. கல்யாணத்தில் அப்பாவைக் கும்பிடப் போகிற பெண் டியூப் லைட்டைக் கும்பிடுவதா? ஓரத்தில் காற்றும் நிற்கிறது. மாஞ்சோலை ஈரத்துக்கு ஒரே மாதத்தில் வாயைப் பிளக்கும்.

11 ஆகஸ்ட்

அண்ணாச்சிக்கே இப்போது ரோஷம் வந்துவிட்டது. நான் போனதும் வேறு ஆளைக் கவனிக்காமல் எழுந்து வந்தார். ஸ்கூட்டர் டேங்குக்கு மேல்பூச்சாக அடிக்கிற கிளியர் லாக்கர், ஸ்ப்ரே டப்பாவில் வருகிறது. பளபளப்பு ஒன்று, மங்கல் ஒன்று. "பிரஷ்ஷே படாது பாத்துக்கிடுங்க. பைய, தூரத்துல இருந்து அடிங்க" என்றார்.

பைய என்றால் எனக்கு வருமா. பக்கத்தில் வைத்துச் சர்ரென்று அடித்தேன். நடராஜின் மூக்கு வாய்க்குள் போய்விட்டது.

12 ஆகஸ்ட்

இன்று தள்ளி நின்று, பனி விழுகிற மாதிரி லேசாக. காய்ந்ததும் இன்னொரு தடவை. அப்புறம் இன்னொரு தடவை. குழாயடியில் பிடித்தேன். தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் உருளுகிற மாதிரி உருண்டு ஓடிவிட்டது. நடராஜ் அப்படியே இருக்கிறார்! பல் உள்பட!

குழாயடியிலேயே குதித்தேன். ஆபிதா பீவி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, லாட்டரி விழுந்துச்சா என்றாள்.

மங்கல் பூச்சுதான் சரி. பளபளப்பில் முகத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

17 ஆகஸ்ட்

நடராஜ் படம் குழாய்த் தண்ணீரைத் தாங்கும், சரி. நாள் முழுக்க ஈரத்திலேயே கிடந்தால்? ஒரு பெரிய பிச்சைக்கண்ணுவுக்குப் பூச்சு அடித்துக் குளியலறைச் சுவரில் மாட்டினேன். நம் வீட்டில் மாஞ்சோலைக்குப் பக்கத்தில் வருகிற இடம் அதுதான்.

அத்தை (நடராஜின் அம்மா, ஞானம்பாள்) துண்டும் சோப்புமாக உள்ளே போய், போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டாள். "ஏளா விஜயா! அன்னிய ஆம்பள முன்னால நின்னு நான் குளிக்கவா?"

"படம்தானே அத்தை."

"முறைக்காருல்லா!"

படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டினேன். அதன் பிறகும் அத்தை சேலையைக் கழற்றாமலேதான் குளிக்கிறாள்.

20 ஆகஸ்ட்

மழை தூறிக்கொண்டிருந்தபோது ஒரு படத்துக்குப் பூச்சு அடித்தேன். முகம் முழுக்கப் பால் ஆடை மாதிரி வெள்ளை பூத்துவிட்டது. காற்றில் ஈரம் இருந்தால் ஆகாது போல. வெயில் ஏறின பிறகு, ஜன்னலை அடைத்துக்கொண்டு அடிக்க வேண்டும். அச்சடித்த அன்றே அடிக்கவும் கூடாது, மை நன்றாக உலர வேண்டும்.

குளியலறை பிச்சைக்கண்ணு நலம். நிறம் மாறவில்லை, ஓரம் பிரியவில்லை. சோப்பு நுரை மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது, துடைத்தேன், போய்விட்டது. இனிமேல் எனக்குத் தெரியும். யார் வந்து கேட்டாலும் சொல்வேன்.

26 ஆகஸ்ட்

அசல் படத்தை அச்சடித்தாயிற்று. இவ்வளவு நாள் அடித்ததிலேயே இதுதான் நன்றாக வந்திருக்கிறது. உலரட்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் பூச்சு, சனிக்கிழமை நானே மாஞ்சோலைக்குக் கொண்டு போகிறேன். தபாலில் அனுப்பப் பயம்.

சிவப்பு மை தீர்ந்துகொண்டு வருகிறது. மதுரையிலிருந்து புது மைப்பெட்டி திங்கட்கிழமைதான் வரும். பரவாயில்லை, இனி எதுவும் அடிக்க வேண்டியதில்லை.

28 ஆகஸ்ட், வெள்ளி

ஐயோ.

எப்படி எழுத. அத்தையைத் திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

மத்தியானம் நல்ல வெயில். கடைசிப் பூச்சு அடித்துவிட்டு, காயட்டும் என்று முன்னறை அலமாரியில் சாத்தி வைத்தேன். தலை வலித்தது, லாக்கர் வாடை. உள்ளே போய்க் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். அவ்வளவுதான். எழுந்து வந்தால் விளக்கு ஏற்றியிருக்கிறது, சாம்பிராணி மணக்கிறது. வெள்ளிக்கிழமை அல்லவா. அத்தை வீட்டில் இருக்கிற படம் எல்லாவற்றுக்கும் வரிசையாகத் திருநீறு வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். சாமி படம், மாமா படம், மாமாவின் அப்பா படம். அடுத்தது பிச்சைக்கண்ணு.

தண்ணீரில் குழைத்த திருநீறு. மூன்று விரலால் இழுத்திருக்கிறாள். காயாத லாக்கரில் அப்படியே இறங்கிப் பிடித்துக்கொண்டது. மூன்று பட்டை. நெற்றி நிறைய.

"செத்தவுக படம் வெறும் நெத்தியோட இருந்தா வெளங்குமா? அதான் வச்சேன். இப்பதான் லெச்சணமா இருக்காரு" என்றாள் அத்தை.

எனக்கு வந்த ஆத்திரம்! "நல்லா வச்சிய! ஒரு மாசமா நாய் படாத பாடு பட்டு இங்கன ஒருத்தி கெடக்கேன், வந்து பட்டை இழுத்துட்டுப் போறிய! அந்தப் புள்ள சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், திருநீறு வேண்டாம்னு! இத நான் எங்கன போயிச் சொல்ல?" என்று கத்திவிட்டேன். அத்தை அடுக்களைக்குப் போய்விட்டாள். என் கல்யாணத்துக்கு அப்புறம் அவளிடம் நான் கத்தியது இதுதான் முதல் தடவை.

ஈரத்துணியால் துடைத்தேன், வரவில்லை. என் பூச்சு அவ்வளவு கெட்டி! தின்னர் ஒரு சொட்டு வைத்தால் நெற்றியே வந்துவிடும். சுரண்டினால் வெள்ளைத் தாள் தெரியும். குளியலறைப் படத்தைக் கொடுக்கலாம் என்றால் அதற்கு இன்னும் தோளில் முத்திரை நிழல் இருக்கிறது, சோதனைக்கு என்று அரைகுறையாக அடித்தது.

மறுபடியும் அச்சடித்தேன். சிவப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. முகம் பச்சையாக வந்திருக்கிறது. மாவிலை நிறத்தில் ஒரு மனுஷன்.

நடராஜ் பார்த்துவிட்டு ஒன்றும் கேலி செய்யவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "ரெண்டையும் எடுத்துட்டுப் போ. உள்ளதச் சொல்லு" என்றார்.

மின்விசிறிக்கு அடியில் மையை உலர்த்தி, பச்சைக்கும் பூச்சு அடித்துவிட்டேன். பழக்க தோஷம்.

29 ஆகஸ்ட், சனி. மாஞ்சோலை

சுடலைவடிவு வீட்டில், சிம்னி விளக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மணிமுத்தாறு தாண்டினதிலிருந்து மடியில் இரண்டு படத்தையும் குழந்தை மாதிரி பிடித்துக்கொண்டு வந்தேன். வளைவுக்கு வளைவு பஸ் ஒடித்தது. முருகன் ஏன் உடைந்தார் என்று புரிந்தது. மேலே வந்தால் மழை, மேகம், பத்தடிக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை.

கட்டிலில் முதல் படத்தை வைத்தேன். இசக்கிச்செல்வி பார்த்தாள். ஆசையாகக் குனிந்தவள் அப்படியே நிமிர்ந்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை, வெள்ளிக்கிழமை, காயாத பூச்சு. எனக்கே அழுகை வந்துவிட்டது. அவள் "பரவால்லக்கா" என்றாள். பரவாயில்லை என்கிற முகம் இல்லை அது.

வேறு வழியில்லாமல் இரண்டாவதையும் எடுத்தேன். சொல்லிக்கொண்டேதான் எடுத்தேன். மை தீர்ந்துபோச்சு, நிறம் சரியில்லை, கோபப்படாதே...

அவள் படத்தை வாங்கி விளக்குப் பக்கம் கொண்டு போனாள். அப்புறம் ஒரு சிரிப்பு. சத்தமாக, வீடு முழுக்க.

"அம்மா! இங்க வா! அப்பா வேல முடிஞ்சி வந்திருக்காக!"

பிச்சைக்கண்ணு தேயிலை ஃபேக்டரியில் இலை அரைக்கிற மிஷினில் நின்றவராம். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, மீசை தடி என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். "சாயங்காலம் வரும்போது கண்ணு, காது, மீசை எல்லாம் பச்சைதான்க்கா. குளிச்ச பொறவுதான் கறுப்பாவாக. நான் சின்னப் புள்ளைல ஓடிப்போயிக் கட்டிப்பிடிப்பேன். என் கவுனும் பச்சையாயிரும், அம்மைட்ட அடி வாங்குவேன்." சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள், மறுபடியும் சிரித்தாள். "இதுதான்க்கா மணவறைக்கு. இதுதான் எங்கப்பா."

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஒரு மாதச் சுமை இறங்கிவிட்டது.

மகள் தண்ணீர் எடுக்கப் போனதும் சுடலைவடிவு திருநீறு வைத்த படத்தை எடுத்தாள். முந்தானையால் சுற்றினாள்.

"இது எனக்கும்மா."

அப்புறம் பைய, பக்கத்தில் வந்து சொன்னாள்: "கெட்டுன நாள்ல இருந்து கெஞ்சியிருக்கேன். ஒரு நாளாவது நெத்தில பூசுங்களேன்னு. கேக்கமாட்டாக. காய்ச்சல்ல படுத்திருக்கும்போது நைசாப் பூசுவேன். முழிச்சதும் துண்டால ஒரே துடை." படத்தைத் திறந்து விரலால் நெற்றியைத் தேய்த்துப் பார்த்தாள். "இப்ப துடைக்க முடியாதுல்லா?"

"முடியாதுக்கா. என்ன பண்ணினாலும் வராது."

"வராது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சின்னப் பிள்ளை மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

30 ஆகஸ்ட், ஞாயிறு

கல்யாணம் நடந்தது. பந்தல் ஒழுகியது. ஈர மாலையைக் கொண்டுவந்து அப்படியே படத்தின் மேல் போட்டார்கள். மாலையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி மூக்கு வழியாக, மீசை வழியாக இறங்கியது. இசக்கிச்செல்வி பட்டுச்சேலைத் தலைப்பால் அப்பாவின் முகத்தைத் துடைத்தாள். தலைப்பைப் பார்த்தேன். ஒரு பொட்டு மை இல்லை. பச்சை அப்படியே முறைத்துக்கொண்டிருந்தது.

கெட்டிமேளத்தில் எல்லாரும் தாலியைப் பார்த்தார்கள். நான் அந்தப் படத்தைத்தான் பார்த்தேன். வீட்டுக்குப் போனதும் முதலில் அத்தையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

31 ஆகஸ்ட்

கேட்டேன். "பொண்ணுக்கு என்ன சேலை?" என்றாள் அத்தை.

14 செப்டம்பர்

வேலை. ஜாதகம் கேட்டு வந்தவர்கள் ஐந்தாறு பேர். நடராஜ் முகங்கள் இன்னும் அலமாரி நிறையக் கிடக்கின்றன.

5 நவம்பர், வியாழன்

சுடலைவடிவு வந்தாள், தனியாக. ஒரு பை தேயிலைத் தூளோடு. மகள் புருஷனோடு திசையன்விளைக்குப் போய்விட்டாளாம், பச்சை அப்பாவையும் எடுத்துக்கொண்டு. வெயில் ஊர். வெயில் படாத சுவரில் மாட்டச் சொல்லுங்க, என் பூச்சு மழைக்குத்தான் கேட்கும், வெயிலுக்கு உத்தரவாதம் இல்லை என்றேன். தலையை ஆட்டினாள். வேறு ஏதோ கேட்க வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. அத்தை காபி கொடுத்து, அவள் அதைக் குடித்து முடிக்கும்வரை கேட்கவில்லை.

"நானும் அவுகளும் சேந்து ஒரு போட்டோ கூட எடுத்ததில்லம்மா. கம்ப்யூட்டர்ல சேத்துத் தருவாகளாமே. ஆவுமா?"

ஆகும் என்றேன். இந்தத் தடவை யோசித்துத்தான் சொன்னேன்.

ஸ்டூல் போட்டு, கேமராவை எடுத்தேன். அவர் படத்தில் எதைச் சேர்க்க, திருநீறு வைத்ததையா என்று கேட்டேன். அவளுக்குப் பிடித்தது அதுதானே.

"வேண்டாம். வெறும் நெத்தியாவே இருக்கட்டும். திருநீறு பூசினா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு எந்திச்சிப் போயிருவாக. பக்கத்துல இருக்கணும்லா."

சரி என்று கேமராவில் கண்ணை வைத்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"எனக்கு மட்டும் ஒரு பொட்டு வச்சிருங்க."

அவர் போனதிலிருந்து அவள் பொட்டு வைப்பதில்லை. நான் கேமராவைக் கீழே வைத்துவிட்டேன்.

"அவுக பக்கத்துல இருக்காகல்லாம்மா, அந்தப் படத்துல" என்றாள்.

கம்ப்யூட்டரில் வரைந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் அத்தை, மாமா போனதிலிருந்து தன் நெற்றியில் குங்குமம் வைக்காத என் அத்தை, உள்ளே போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்து அவள் முன்னால் நின்றாள். "எவ்வளவு பெரிசா வைப்பே?" என்று கேட்டாள்.

சுடலைவடிவு கட்டைவிரல் நகத்தைக் காட்டினாள்.